பேப்பரில் பேர்

ரீச்சர் இறந்துபோன செய்தி பள்ளிக்கூட வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு வியாழன் பின்னேரம் வந்தது. மரண அறிவித்தலில் ‘ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை’ என்று போட்டு, கீழே முழுப்பெயர். எனக்கு அழுகைக்கு முன் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்று 1984 சாதாரண தரப் பரீட்சை வகுப்புக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகப் பள்ளிக்கூட மலரில் எழுதுகிறேன்.

தமிழ் ரீச்சர் லீவு போட்ட ஒரு நாள், இன்டர்வெலுக்குப் பிறகு எங்களை அடக்கி வைக்க இவர்தான் வந்தார். ‘எனது எதிர்காலம்’ என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். எல்லாரும் டொக்டர், எல்லாரும் ரீச்சர். நான் பத்திரிகையாளர் என்று எழுதினேன். அவர் என் கொப்பியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்றைக்கும் அப்படியே காதில் இருக்கிறது: “பொம்பிளைப் பிள்ளையின்ரை பேர் பேப்பரிலை வாறதெண்டால் மரண அறிவித்தலிலை மட்டும்தான் வரவேணும்.” வகுப்பு சிரித்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் ‘பி’ வகுப்பும் சிரித்தது. மணி அடிக்கும்வரை கொப்பியோடு விறாந்தையில் நின்றேன். இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பழகப் போன பிள்ளைகள் முழுப்பேரும் அந்த வழியால்தான் போனார்கள்.

சரி, இனி ஸ்பெயினுக்கு வருகிறேன், அங்கே பேப்பரில் எழுதிய ஒரு பெண்ணிடம்.

வேலையில் இருந்து ஓய்வு எடுத்தபிறகு லண்டனில் ஒரு மாலை வகுப்பில் ஸ்பானிஷ் படிக்கச் சேர்ந்தேன். “அம்மாவுக்கு இப்ப என்னத்துக்கு?” என்று மகள் கேட்டாள். அங்கே வாசிக்கத் தந்தது ‘புன்யால் தே கிளாவேலெஸ்’ என்ற குறுநாவல். 1928இல் ஸ்பெயினின் தெற்கே நீஹார் பக்கம் ஒரு பெண் தன் கல்யாணத்துக்குச் சில மணி நேரம் இருக்கையில் மச்சானோடு ஓடிப்போனாள். வழியில் அவனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். ஸ்பானியக் கவிஞர் லோர்கா அதை நாடகமாக்கி 1933இல் உலகப் புகழ் பெற்றார். அதற்கு இரண்டு வருடம் முன்பே அதே சம்பவத்தை எடுத்து எழுதியவர் கார்மென் தே பூர்கோஸ். அவருடைய கதையில் யாரும் சாகவில்லை. இருவரும் தப்பிப் போய்விடுகிறார்கள். புத்தகத்தை மூடிவிட்டு, யார் இந்த மனுஷி என்று தேடத் தொடங்கினேன்.

பிறந்தது 1867இல், நீஹார் இருக்கிற அதே அல்மேரியா மாகாணத்தில். 16 வயதில் கல்யாணம். மாமனாருக்கு அச்சுக்கூடம் இருந்தது. எழுத்துக் கோக்கும் வேலை அங்கேதான் கைவந்தது. பிறந்த பிள்ளைகள் நாலில் மூன்று செத்துப்போக, குடும்பமும் சரிவரவில்லை. ஆசிரியப் பரீட்சை எழுதித் தேறி, 1901இல் குவாதலஹாரா ஆசிரியர் கலாசாலையில் வேலை எடுத்து, மிஞ்சிய ஒரே மகளையும் கூட்டிக்கொண்டு புருஷனை விட்டுப் புறப்பட்டார். ஆம், அவரும் ரீச்சர்தான்.

1903இல் ‘தியாரியோ உனிவெர்சால்’ என்ற மட்ரிட் தினசரியில் அவருக்குத் தினமும் ஒரு பத்தி கிடைத்தது, ‘பெண்களுக்கான வாசிப்பு’ என்ற தலைப்பில். ‘கொலொம்பின்’ என்ற புனைபெயரை ஆசிரியரே வைத்துவிட்டார். உடுப்பு, வீட்டு நிர்வாகம், நாகரிகம் என்று எழுதவேண்டிய இடம் அது. அந்த இடத்தில் இருந்துகொண்டே அடுத்த வருடம் விவாகரத்துச் சட்டம் வேண்டுமா என்று வாசகரைக் கேட்டார். வேண்டும் என்றவர்கள் 1,462, வேண்டாம் என்றவர்கள் 320. ‘விவாகரத்துக்காரி’ என்ற பட்டமும் கூடவே வந்தது. 1909இல் ‘எரால்தோ தே மத்ரித்’ பத்திரிகைக்காக வட ஆபிரிக்காவில் ஸ்பெயின் சண்டைபிடித்த மெலில்லா போர்முனைக்குப் போய்ச் செய்தி எழுதினார். சோரம் போன மனைவியைக் கையும் மெய்யுமாகப் பிடித்துக் கொன்ற புருஷனுக்கு ஊரைவிட்டு விலக்கிவைப்பது மட்டுமே தண்டனை என்றது தண்டனைச் சட்டத்தின் 438ஆம் பிரிவு. 1921இல் அந்த எண்ணையே தலைப்பாக வைத்து ஒரு கதை எழுதினார். அதே வருடம் வாக்குரிமை கேட்டுப் பெண்களோடு பாராளுமன்றத்துக்குப் போனார். இடையில் சமையல் புத்தகங்களும் எழுதியிருக்கிறார். எங்கள் ரீச்சருக்கு அதுவாவது பிடித்திருக்கும்.

பெண்களுக்கு வாக்குரிமை 1931இல் வந்தது, விவாகரத்துச் சட்டம் 1932இல். அந்த ஒக்டோபரில் ஒரு கூட்டத்தில் பாலியல் கல்வி பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது மயங்கி, மறுநாள் 9ஆம் திகதி போய்ச் சேர்ந்தார். ஸ்பானியப் பெண்கள் முதல்முதலாகப் பொதுத் தேர்தலில் வாக்குப் போட்டது 1933 நவம்பரில். அவருக்கு அது கிடைக்கவில்லை. பிறகு சர்வாதிகாரி பிராங்கோ வந்தார், தடைசெய்யப்பட்ட எழுத்தாளர்களில் ஒருவராக அவருடைய பெயரும் நூலகங்களில் இருந்து போனது.

இதையெல்லாம் வாசித்துவிட்டு ரீச்சரோடு மனதுக்குள் வழக்காடிக்கொண்டிருந்தேன். பார்த்தீர்களா ரீச்சர், 1903இல் ஒரு ரீச்சர்! வழக்கில் நான் வென்றுகொண்டுதான் இருந்தேன். ஒரு இரவு திடீரென்று கணக்கு உறைத்தது. அந்தக் கட்டுரை 1984. யாழ்ப்பாண நூலகத்தோடு ‘ஈழநாடு’ பத்திரிகைக் கந்தோரையும் எரித்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. சைக்கிளில் வந்துபோகிற ரீச்சருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? பேப்பரில் பேர் வந்தால் என்ன நடக்கும் என்று எங்களைவிட அவருக்குத் தெரியும். அதைச் சொல்லியிருக்கலாம். சிரிக்க வைத்திருக்கத் தேவையில்லை. இரண்டும் உண்மை.

1986இல் நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டேன். பத்திரிகையாளர் ஆகவில்லை, இருபத்தெட்டு வருடம் ஒரு சுப்பர்மார்க்கெட்டின் கணக்குப் பிரிவில் இருந்தேன். அதைப் பயத்தில் விட்டேனா, வசதி பார்த்து விட்டேனா என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ரீச்சர் அங்கேயே இருந்து, இடம்பெயர்ந்து, திரும்பிப் போய், எங்களுக்குப் பின்னாலும் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பிட்டு அவிக்கவும் சட்டை தைக்கவும் காட்டிக்கொடுத்திருக்கிறார். இறுதிக்கிரியையை சூமில் பார்த்தேன். படம் இரண்டு தரம் நின்றுபோனது.

கட்டுரைக்குக் கீழே பெயரை எப்படிப் போடுவது என்று மலர்க்குழு கேட்டது. ‘1984 சாதாரண தர மாணவி’ என்று போட்டால் போதும் என்று பதில் அனுப்பிவிட்டேன்.