வியன்னாவிலிருந்து ஒரு பகல்: எந்த நாட்டுக்குப் போவது?

ஆஸ்திரியாவின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் வியன்னா கிழக்கு மூலையில் ஒதுங்கியிருக்கும். அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போனால் ஸ்லோவாக்கியாவின் தலைநகரம் பிராட்டிஸ்லாவா. ஒன்றேகால் மணி நேரத்தில் ஹங்கேரியின் ஷோப்ரோன். ஒன்றரை மணி நேரத்தில் செக் நாட்டின் புர்னோ. இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் புடாபெஸ்ட். ஒரே ஷெங்கன் விசாவில் எல்லா இடத்துக்கும் போகலாம். செக், ஸ்லோவாக்கியா, ஹங்கேரி மூன்றும் 2007 டிசம்பர் 21 அன்று, எல்லையில் வழக்கமான பாஸ்போர்ட் சோதனை இல்லாத ஷெங்கன் வட்டத்துக்குள் ஒன்றாக வந்தவை. ஒரு வாரம்கூட முழுதாக இல்லாத விடுமுறையில் வியன்னாவில் வந்து இறங்குகிறவர்களுக்கு, ஒரு பகலை ஒதுக்கி இன்னொரு நாட்டையும் பார்த்துவிடலாமே என்ற ஆசை எழுவது இயல்பு.

எங்கள் குடும்பத்தில் அந்த ஆசை நான்கு திசைக்கு இழுத்தது. மகன் புடாபெஸ்ட் என்றான். கட்டடப் பொறியாளரான கணவருக்குப் புர்னோ. எனக்கு ஷோப்ரோன். அத்தை மட்டும் ஊர் பெயர் எதையும் சொல்லவில்லை. "எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போங்கள். ஆனால் நாள் முழுக்க ரயிலிலேயே உட்கார வைத்துவிடாதீர்கள், முழங்கால் மரத்துப்போகிறது" என்றார். யோசித்துப் பார்த்தால், ஒரு பகல் பயணத்துக்கு இதைவிடச் சரியான அளவுகோல் கிடையாது.

அந்த அளவுகோலில் முதலில் அடிபட்டது புடாபெஸ்ட். போக வர ரயிலிலேயே ஐந்து மணி நேரத்துக்கு மேல் போய்விடும். காலையில் எட்டு மணிக்குப் புறப்பட்டாலும் அங்கே போய் இறங்கும்போது பதினொன்றை நெருங்கிவிடும். டான்யூபின் ஒரு கரையில் மலைமேல் புடா, மறுகரையில் சமவெளியில் பெஸ்ட். இரண்டையும் ஆறேழு மணி நேரத்தில் ஓடி ஓடிப் பார்ப்பது அந்த நகரத்துக்குச் செய்யும் அநியாயம். நாடாளுமன்றக் கட்டடத்தில் விளக்குகள் எரியத் தொடங்கும் நேரத்தில் நாம் ரயில் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருப்போம். பெரிய நகரங்களுக்கு இரவு தேவை. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

புர்னோவில் கணவர் பார்க்க விரும்பியது துகெந்தாட் மாளிகை. மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்து 1930இல் கட்டி முடிக்கப்பட்ட வீடு. யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஆனால் உள்ளே போகும் டிக்கெட் வெகு முன்னதாகவே தீர்ந்துவிடும்; நாங்கள் தேடியபோது எங்கள் தேதிகளில் எதுவும் மிச்சமில்லை. கிரெகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளை வளர்த்து மரபியலுக்கு அடித்தளமிட்ட மடாலயமும் அதே ஊரில்தான். மகனுக்கு அது கொஞ்சம் சபலத்தைக் கொடுத்தது. என்றாலும் மாளிகை இல்லாத புர்னோ வேண்டாம் என்று கணவரே விலகிக்கொண்டார்.

ஷோப்ரோனை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு ஆஸ்திரியாவுக்கு என்று எழுதப்பட்ட ஊர் அது. 1921 டிசம்பரில் வாக்கெடுப்பு நடத்தி, நாங்கள் ஹங்கேரியிலேயே இருக்கிறோம் என்று அவ்வூர் மக்கள் சொல்லிவிட்டார்கள். வரைபடத்தில் ஆஸ்திரியாவுக்குள் ஹங்கேரி விரல் நீட்டியது போலத் தெரிவது அதனால்தான். 1989 ஆகஸ்ட் 19 அன்று இந்த ஊருக்கு அருகில் எல்லையோரத்தில் ஒரு பிக்னிக் நடந்தது. சில மணி நேரத்துக்கு எல்லைக் கதவைத் திறந்துவைப்பதாக ஏற்பாடு. கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்து தப்பிக்கக் காத்திருந்த அறுநூறுக்கும் அதிகமான கிழக்கு ஜெர்மானியர்கள் அந்தக் கதவு வழியாக ஆஸ்திரியாவுக்குள் போய்விட்டார்கள். காவலர்கள் சுடவில்லை. பெர்லின் சுவர் விழுந்தது அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான். அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் அது ஊருக்கு வெளியே வயல்வெளியில் இருக்கிறது. கார் இல்லாமல், அத்தையையும் அழைத்துக்கொண்டு போவது சிரமம். காரில் வருகிறவர்கள் யோசிக்காமல் ஷோப்ரோனைத் தேர்ந்தெடுக்கலாம்.

எஞ்சியது பிராட்டிஸ்லாவா. "அங்கே பார்க்க ஒன்றுமில்லை, அரை நாள் போதும்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை நான் ஏற்கமாட்டேன்.

வியன்னா மத்திய ரயில் நிலையத்தில் பிராட்டிஸ்லாவாவுக்கென்றே ஒரு போக வரச் சலுகை டிக்கெட் விற்கிறார்கள். அதே டிக்கெட்டில் அந்த ஊர் பஸ்ஸிலும் டிராமிலும் போகலாம். ரயில் நகரத்தை விட்டதும் தட்டையான வயல்வெளி. பிறகு மொராவா ஆற்றுப் பாலம்; அதைத் தாண்டினால் ஸ்லோவாக்கியா. போலீசார் இருவர் பெட்டிக்குள் வந்து பாஸ்போர்ட்டைக் கேட்டு, விசாப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். ஷெங்கன்தானே என்று பாஸ்போர்ட்டை ஓட்டல் பெட்டகத்தில் வைத்துவிட்டு யாரும் புறப்பட வேண்டாம்.

பழைய நகருக்குள் நடக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். கல் பாவிய தெருவில் உள்ளங்கை அகல வட்டங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சின்னஞ்சிறு கிரீடம். ஒட்டோமான் படை புடா நகரைப் பிடித்துக்கொண்ட பிறகு ஹங்கேரியின் தலைநகரம் இந்த ஊருக்கு மாறியது. 1563 முதல் 1830 வரை ஹங்கேரிய அரசர்களுக்குப் பெரும்பாலும் புனித மார்ட்டின் பேராலயத்தில்தான் முடிசூட்டினார்கள். மரியா தெரேசா 1741இல் இங்கேதான் முடிசூடினார். அந்த முடிசூட்டு ஊர்வலம் போன வழியைத்தான் இந்தக் கிரீடங்கள் காட்டுகின்றன. மகன் முன்னால் போய் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சொல்ல, அத்தை அவன் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார். பேராலயக் கோபுரத்தின் உச்சியில் சிலுவை இருக்க வேண்டிய இடத்திலும் பொன் முலாம் பூசிய கிரீடம்.

அந்தக் கிரீடத்தை அண்ணாந்து பார்க்கும்போதே காதில் லாரி இரைச்சல் விழுகிறது. பேராலயத்தின் சுவரை உரசுவது போல ஒரு நெடுஞ்சாலை போகிறது. 1972இல் கட்டி முடித்த டான்யூப் பாலத்துக்கான சாலை அது. பாலத்தின் தூண்மேல் பறக்கும் தட்டு வடிவில் உணவகம் இருப்பதால் எல்லோரும் அதையே படம் பிடிக்கிறார்கள். இந்தச் சாலைக்காகப் பழைய யூதக் குடியிருப்பை இடித்துத் தள்ளினார்கள். பேராலயத்தின் பக்கத்திலேயே நின்ற யூதத் தொழுகை ஆலயத்தையும் 1969இல் இடித்துவிட்டார்கள். அது இருந்த இடத்தில், ஆலயத்தின் உருவத்தைக் கோட்டோவியமாகக் கீறிய கறுப்புக் கல் சுவர் ஒன்று நிற்கிறது. அதன் முன் நிற்பவர்கள் குறைவு. ஒரு பத்து நிமிடம் அங்கே ஒதுக்குங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு ஹாலுஷ்கி. உருளைக்கிழங்கு மாவைச் சிறு சிறு உருண்டைகளாக வெந்நீரில் வேகவைத்து, செம்மறி ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி சேர்த்துத் தருகிறார்கள். பார்ப்பதற்கு அப்படியே நம் அம்மிணிக் கொழுக்கட்டை. வழக்கமாக மேலே பன்றிக் கொழுப்பு வறுவலைத் தூவுவார்கள்; சைவம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பாலாடைக்கட்டி நன்றாகப் புளித்திருந்தது. அத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இதோடு திரும்புகிறவர்கள்தான் அரை நாள் போதும் என்கிறார்கள். அந்தப் பாலத்தின் அடியிலிருந்து 29ஆம் எண் பஸ் தெவீன் கோட்டைக்குப் போகிறது. சுமார் அரை மணி நேரப் பயணம். மொராவா ஆறு டான்யூபில் கலக்கும் இடத்தில் செங்குத்தான பாறைமேல் நிற்கிறது கோட்டை. 1809இல் நெப்போலியனின் படை வெடிவைத்துத் தகர்த்தது போக எஞ்சியது. மேலேயிருந்து பார்த்தால் இரண்டு ஆறும் சேரும் முனை நேர் கீழே தெரிகிறது. மொராவாவுக்கு அக்கரை ஆஸ்திரியா. அங்கே ஒருவர் மீன் பிடித்துக்கொண்டிருந்தது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது.

கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த ஆண்டுகளில் கீழே உள்ள இந்த ஆற்றங்கரைக்குச் சாதாரண மக்கள் போக முடியாது. முள்வேலி, காவல் கோபுரங்கள், துப்பாக்கி ஏந்திய காவலர்கள். நீந்திக் கடக்க முயன்று செத்தவர்கள் உண்டு. கோட்டைக்குக் கீழே கரையோரம் அவர்களுக்காகக் கான்கிரீட்டில் ஒரு வாசலை எழுப்பியிருக்கிறார்கள். அதன் உடலெங்கும் தோட்டா பாய்ந்தது போன்ற ஓட்டைகள். ஓர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன்; இரண்டாம் கணுவரை போனது. அதன் பக்கத்தில் இன்று சைக்கிள் பாதை போகிறது. தலைக்கவசம் அணிந்த குழந்தைகள் அப்பா அம்மாவோடு மிதித்துக்கொண்டு போனார்கள். 1989 டிசம்பர் 10 அன்று, எல்லை திறந்த நாட்களில், பிராட்டிஸ்லாவாவிலிருந்து பல்லாயிரம் பேர் ஆஸ்திரியாவின் ஹைன்பூர்க் ஊருக்கு நடந்தே போனார்கள். அதுவரை பெரும்பாலானவர்கள் கண்ணால் மட்டுமே பார்த்திருந்த கரை அது.

"இவ்வளவுதானா தூரம்? கூப்பிட்டால் கேட்கும் போலிருக்கிறதே" என்றார் அத்தை. மகன் அதுவரை கைப்பேசியில் எடுத்துக்கொண்டிருந்த படங்களை நிறுத்திவிட்டு, "ஏன் பாட்டி சுட்டார்கள்? வெளியே போகிறவர்களைத்தானே?" என்று கேட்டான். கணவர் அவனைக் கரையோரமாக அழைத்துப் போய் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். பள்ளிப் பாடத்தில் இரும்புத்திரை என்று அவன் படித்தது அங்கேதான் அவனுக்குப் புரிந்தது.

திரும்புவதற்குப் படகு. கோடைக்காலத்தில் பிராட்டிஸ்லாவாவுக்கும் வியன்னாவுக்கும் இடையே விரைவுப் படகு ஓடுகிறது. ஆற்றின் போக்கில் வந்தால் ஒன்றேகால் மணி, எதிர்த்துப் போனால் ஒன்றரை மணி. ரயிலைவிட விலை அதிகம், முன்பதிவும் அவசியம். இருந்தாலும் ஒரு வழியாவது படகில் போக வேண்டும் என்பேன். கிளம்பிய சற்று நேரத்திலேயே தெவீன் பாறையை நீர்மட்டத்திலிருந்து பார்க்கலாம், அடுத்து ஹைன்பூர்க்கின் குன்று. குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு இரண்டு வழியும் ரயில்தான்.

இதில் இன்னொரு செய்தி என்னை வெகுவாகக் கவர்ந்தது. 1914 முதல் இந்த இரண்டு நகரங்களுக்கும் இடையே மின்சார ரயில் ஓடியிருக்கிறது. அரசியலும் போர்களும் அந்தப் பாதையைத் துண்டித்துவிட்டன. வியன்னா விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரும் எஸ்7 புறநகர் ரயில் ஓடுவது அந்தப் பழைய பாதையில்தான். எதிர்த்திசையில் அது எல்லைக்கு முந்தைய வொல்ஃப்ஸ்தால் ஊரோடு நின்றுவிடுகிறது. அந்தச் சில கிலோமீட்டரையும் மறுபடி இணைக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

மகனின் புடாபெஸ்ட் கோரிக்கையும் ஏற்கப்பட்டுவிட்டது. அடுத்த முறை விமானமே அந்த நகரத்துக்குத்தான், தங்குவதும் அங்கேயேதான். அங்கே வெந்நீர் ஊற்றுக் குளியல் கூடங்கள் பல இருக்கின்றன என்று அவன் சொன்னதும், முழங்காலுக்கு அது நல்லதா என்று அத்தை விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.