எதனால் இறந்தார்?

எனக்கு மருத்துவமனையின் மருத்துவப் பதிவேடுகள் பிரிவில் வேலை. நாங்கள் அதை எம்.ஆர்.டி. என்போம். வார்டில் யாராவது இறந்தால் கேஸ் ஷீட்டோடு நான்காம் எண் படிவமும் என் மேசைக்கு வந்துசேரும். மரணத்தின் காரணத்தை டாக்டர் சான்றளிக்கும் படிவம் அது. முதல் வரியில் உடனடிக் காரணம். அது எதனால் வந்தது என்று அடுத்த வரியில். அதுவும் எதனால் என்று அதற்கடுத்த வரியில். இப்படி இறங்கிக்கொண்டே போய்க் கடைசியில் நிற்பதுதான் அடிப்படைக் காரணம். இதயச் செயலிழப்பு, உடல் தளர்ச்சி என்றெல்லாம் எழுதாதீர்கள் என்று படிவத்திலேயே அச்சடித்திருக்கும். இதயம் நிற்காமல் யாரும் இறப்பதில்லை, அதை எழுதி என்ன பயன்? ஆனாலும் ராத்திரி டியூட்டியில் அசந்துபோன ஹவுஸ் சர்ஜன்கள் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். "அது எதனாலன்னு எழுதுங்க டாக்டர்" என்று போனில் சொல்லிப் படிவத்தைத் திருப்பி அனுப்புவது என் அன்றாட வேலை.

புதிதாக வருகிற ஹவுஸ் சர்ஜன்களுக்கு இந்தப் படிவத்தை நிரப்பச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. அதற்காகப் பழைய இறப்புச் சான்றுகளையும் பிற நாட்டுப் படிவங்களையும் தேடிப் பார்ப்பேன். நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் இறப்புச் சான்றுகளை அப்படித் தேடும்போதுதான் பார்த்தேன்.

ஜெர்மனி பிடித்து வைத்திருந்த போலந்தில் இருந்த அந்த முகாமுக்குத் தனியாக ஒரு பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகமே இருந்தது. அங்கே எழுதப்பட்ட இறப்புப் பதிவேடுகளில் 46 தொகுதிகள் தப்பியிருக்கின்றன. 1941 ஜூலை இறுதியிலிருந்து 1943 டிசம்பர் முடிய, ஏறக்குறைய 69,000 பேர். யூதர்கள், போலந்துக்காரர்கள், ரோமாக்கள் என்று பல இனத்தவரும் அதில் உண்டு.

படிவம் என்ற அளவில் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. பெயர், தொழில், மதம், கடைசியாகக் குடியிருந்த முகவரி, தாய் தந்தை பெயர், மனைவி பெயர் எல்லாம் இருக்கின்றன. இறந்த நேரம் நிமிடக் கணக்கோடு இருக்கிறது. தகவல் கொடுத்த மருத்துவரின் பெயர் பட்டத்தோடு இருக்கிறது. இறந்த இடம் என்ற வரியில் 'ஆஷ்விட்ஸ், கசெர்னென்ஸ்ட்ராசே' என்று ஒரு தெருப்பெயர். முகாம் என்ற சொல்லே கிடையாது. இதைப் படிப்பவர், அவர் ஏதோ ஒரு தெருவில், ஒரு வீட்டில், கட்டிலில் படுத்தபடி இறந்தார் என்றுதான் நினைப்பார்.

கீழே காரணம். இதய பலவீனம், நிமோனியா, குடல் அழற்சி, சீழ்ப்புண்ணால் செப்சிஸ் (உடல் முழுக்கப் பாதிக்கும் கிருமித்தொற்று). ஒரு வரி, அவ்வளவுதான். என் மேசைக்கு வந்திருந்தால் ஒன்றையும் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டேன். சில உண்மையான நோய்கள்தான். முகாமில் டைபஸும் வயிற்றுப்போக்கும் கொத்துக்கொத்தாக ஆட்களைக் கொன்றன. ஆனால் சுடப்பட்டவர்களுக்கும், இதயத்தில் ஃபீனால் ஊசி போட்டுக் கொல்லப்பட்டவர்களுக்கும் இதே நோய்களைத்தான் எழுதினார்கள்.

1942 இலையுதிர்காலச் சான்றுகளில் வரும் மருத்துவர் பெயர்களில் ஒன்று கிரேமர். யோஹான் பவுல் கிரேமர், மியூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியர். அந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் வரை ஆஷ்விட்ஸில் நாஜிகளின் எஸ்.எஸ். படை மருத்துவராக இருந்தார். அவர் எழுதிய நாட்குறிப்பு பிற்பாடு கைப்பற்றப்பட்டது. செப்டம்பர் 5ஆம் தேதி, எலும்பும் தோலுமாகிவிட்ட பெண் கைதிகளை நச்சுவாயு அறைக்கு அனுப்பும் இடத்தில் அவர் இருந்தார். கொடூரத்திலும் கொடூரம் என்று அதைக் குறித்திருக்கிறார். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைய குறிப்பில் அருமையான மதிய உணவு: தக்காளி சூப், அரைக் கோழி, உருளைக்கிழங்கு, சிவப்பு முட்டைக்கோஸ், வெனிலா ஐஸ்கிரீம்.

என்னால் தாங்க முடியாதது இது அல்ல. பட்டினியால் உடல் உறுப்புகள் என்ன ஆகின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. அதற்குத் தோதான கைதிகளைத் தேர்ந்தெடுப்பார். பிணப் பரிசோதனை மேசையில் அவர்களை உயிரோடு கிடத்திவிட்டு, பக்கத்தில் போய் விசாரிப்பாராம். கைதாவதற்கு முன் எடை என்ன, இதுவரை எவ்வளவு குறைந்திருக்கிறது, சமீபத்தில் மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா? அதன் பிறகு ஊசி. உடனே கல்லீரல், மண்ணீரல், கணையத்திலிருந்து துண்டுகள். போருக்குப் பின் விசாரணையில் அவரே சொன்னது இது. எங்கள் கேஸ் ஷீட்டில் முதல் பக்கத்தில் கேட்கிற அதே கேள்விகள்தான். பதில் சொன்ன மனிதர், டாக்டர் கேட்கிறாரே, ஏதோ வைத்தியம் செய்யப்போகிறார் என்று ஒரு கணம் நினைத்திருப்பாரோ? இந்த எண்ணம் வந்தால் அன்றைக்கு எனக்கு வேலை ஓடாது.

சான்றுகளைத் தயாரித்த அலுவலகத்தில் கைதிகளையும் எழுத்தர்களாக வைத்திருந்தார்கள். அவர்களில் யூதப் பெண்கள் பலர். 1942இல் பிரான்சிலிருந்து கொண்டுவரப்பட்ட ராயா ககன் அங்கே வேலை செய்தவர். 1961இல் ஜெருசலேமில், யூதர்களை முகாம்களுக்கு ரயிலேற்றும் ஏற்பாட்டைக் கவனித்த நாஜி அதிகாரி ஐஷ்மன்மீது நடந்த வழக்கில் சாட்சி சொன்னார். எழுதுவது பொய் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும். மறுத்தால் தங்களுக்கும் அதே கதிதான் என்பதும் தெரியும். சொந்த ஊர்க்காரரின் பெயர் வந்தாலும் காரணத்தை நிரப்பித்தான் ஆகவேண்டும். வெளியே மண்வெட்டி பிடித்தவர்களைவிட அவர்கள் பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்பார்கள். உண்மைதான். ஆனால் அவர்களுடைய வேலையை லேசான வேலை என்று பதிவேடுகளோடு புழங்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

அப்புறம், எந்தப் படிவமும் எழுதப்படாதவர்கள். ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுவரப்பட்ட யூதர்கள் சுமார் 11 லட்சம் பேர். கைதிகளாகப் பதியப்பட்டு எண் கொடுக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 2 லட்சம்தான். மற்றவர்களை, குழந்தைகள், குழந்தையோடு வந்த தாய்மார்கள், வயதானவர்கள் என்று பிரித்து, ரயிலிலிருந்து இறக்கியதும் நேராக நச்சுவாயு அறைக்குக் கொண்டுபோனார்கள். கிட்டத்தட்ட 9 லட்சம் பேருக்குப் பொய்ச் சான்றுகூட இல்லை.

சரி, உண்மையான காரணத்தை யாராவது எழுதினார்களா? எழுதினார்கள். இத்தாலிய யூதர்கள் இருவர்: லியோனார்தோ தெ பெனெதெத்தி என்ற மருத்துவரும், பிரீமோ லெவி என்ற வேதியியலாளரும். 1944 பிப்ரவரியில் இத்தாலியின் ஃபோசோலி முகாமிலிருந்து 650 பேரோடு ஒரே ரயிலில் வந்தவர்கள். தெ பெனெதெத்தியின் மனைவியை வந்திறங்கியதுமே கொன்றுவிட்டார்கள். ஆண்கள் இருவரையும் ஆஷ்விட்ஸின் கிளையான மோனோவிட்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். விடுதலைக்குப் பிறகு, 1945இல் போலந்தின் கதோவிட்சே நகரில் இருந்த சோவியத் அதிகாரிகள் கேட்டுக்கொண்டதால், அந்த முகாமின் மருத்துவ நிலைமை பற்றி இருவரும் ஓர் அறிக்கை எழுதினார்கள். 1946இல் தூரின் நகர மருத்துவ இதழான 'மினெர்வா மெடிக்கா'வில் அது வெளியானது.

அதில் அழுகை கிடையாது. ஊட்டக்குறைவு நோய்கள், வயிறு குடல் நோய்கள், குளிரால் வருபவை, தொற்றுகள், அறுவை தேவைப்படுபவை, வேலையால் வருபவை என்று வகை பிரித்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் துறையில் யாரிடம் கொடுத்தாலும் தரமான அறிக்கை என்பார்கள். அந்தச் சான்றுகளில் ஒரே வரியாக நின்ற 'செப்சிஸ்' இதைப் படித்த பிறகுதான் எனக்குக் கீழ்நோக்கி இறங்கத் தொடங்கியது. செப்சிஸ் எதனால்? காலில் சீழ்பிடித்த புண்ணால். புண் எதனால்? மர அடி போட்ட, அளவு பொருந்தாத காலணி உரசியதால். ஒரு வாரத்தில் ஆற வேண்டிய உரசல் ஏன் ஆறவில்லை? உடம்பில் சத்தே இல்லை. ரொட்டியும் நீர்த்த சூப்பும்தான் சாப்பாடு. அந்தக் காலோடு ஏன் நடந்தார்? ஐ.ஜி. ஃபார்பென் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் செயற்கை ரப்பர் தொழிற்சாலைக் கட்டுமானத்துக்கு வேலைக்குப் போகவேண்டும். அந்தக் கைதிக்காக நிறுவனம் நாளொன்றுக்கு எஸ்.எஸ்.ஸுக்குக் கட்டிய தொகை, தொழில் தெரிந்தவருக்கு 4 மார்க், தெரியாதவருக்கு 3 மார்க். கைதிக்கு அதில் ஒன்றும் கிடையாது. ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கலாமே என்றால், ஒரு கட்டிலில் இரண்டு பேர் கிடந்த ஆஸ்பத்திரி அது; சீக்கிரம் தேறி வேலைக்குத் திரும்பமாட்டார் என்று பட்டவர்களைப் பொறுக்கி எடுத்து ஆஷ்விட்ஸின் இன்னொரு பகுதியான பிர்க்கெனாவின் நச்சுவாயு அறைக்கு அனுப்பிவிடுவார்கள். நோயாளிகளுக்கு அது தெரியும். அதனால் கால் வீங்க வீங்க நடந்தார்கள்.

கிரேமர் 1947இல் கிராகோவ் நகரில் மரண தண்டனை பெற்று, தண்டனை குறைக்கப்பட்டு, 1958இல் விடுதலையாகி ஊர் திரும்பினார். தெ பெனெதெத்தி தூரினில் மறுபடி வைத்தியம் பார்க்கப் போனார்.

சான்றே இல்லாதவர்களுக்காக ஜெருசலேமில் உள்ள யாத் வஷேம் என்ற யூதப் படுகொலை நினைவகம் ஒரு படிவம் வைத்திருக்கிறது. இறந்தவரின் பெயர், பெற்றோர் பெயர், ஊர், தொழில், எங்கே எப்படி இறந்தார் என்பதை உறவினரோ தெரிந்தவரோ எழுதிக் கையெழுத்துப் போடலாம். 1950களில் தொடங்கியது, இன்றும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். நிரப்பப்பட்ட சில படிவங்களைப் பார்த்தேன். குழந்தையின் தொழில் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். இறந்த தேதிக்கு வெறும் ஆண்டு மட்டும் போட்டிருக்கிறார்கள். வேறு எந்தப் படிவத்தையும் இப்படி அரைகுறையாக நான் ஏற்றுக்கொண்டதில்லை. இவற்றில் திருப்பி அனுப்ப எதுவும் இல்லை.