எந்த வடை?

எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர் மலரைத் தயாரிக்கும் குழுவில் இருக்கும் வகுப்புத் தோழன் தொலைபேசியில் கூப்பிட்டு, "எல்லாரும் பிக் மட்ச் கிரிக்கெட், இல்லாட்டி பிரின்சிப்பலின் பிரம்பு எண்டுதான் எழுதி அனுப்புறாங்கள். நீயாவது வேற ஏதும் எழுது" என்றான். எனக்கு யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு இங்கிலிஸ் படிப்பித்த சேர், 'ஏ', 'ஆன்', 'த' (a, an, the) என்ற மூன்று சின்னச் சொற்களை விளங்கவைக்க எடுத்துக்கொண்ட இரண்டு கிழமைகள்தான் முதலில் மனதில் வந்து நின்றன. நாற்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அந்த இரண்டு கிழமைகளில் படித்ததை நான் இன்றைக்கும் வேலையில் பயன்படுத்துகிறேன்.

அதற்கு முன்பு 'ஆட்டிக்கிள்' எனப்படும் இந்தச் சொற்களை நாங்கள் படித்தது பாடமாக்கித்தான். சூரியன், சந்திரன், பூமிக்கு முன்னால் 'த' வரும். ஆறு, கடல், மலைத்தொடருக்கு வரும். தனி மலைக்கு வராது, தனி ஏரிக்கு வராது. இப்படி ஒரு நீளமான பட்டியல். பட்டியலை ஒப்புவிக்கச் சொன்னால் ஒப்புவிப்போம். கட்டுரை எழுதச் சொன்னால் கறிக்கு உப்புத் தூவுவது போல ஆங்காங்கே 'த'வைத் தூவிவிட்டுக் கொடுப்போம். பசு மாடு பற்றி நான் எழுதிய ஒரு பக்கக் கட்டுரை பதினேழு சிவப்பு வட்டங்களோடு திரும்பி வந்தது. பாதி வட்டங்கள் போடக்கூடாத இடத்தில் 'த' போட்டதற்கு. மீதி, போடவேண்டிய இடத்தில் போடாததற்கு.

சேர் அந்தக் கொப்பிகளைத் திருப்பித் தந்த அன்றைக்குப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. வெண்கட்டியைக் கையில் எடுத்தார். "ஆராவது எழும்பி, பாட்டி வடை சுட்ட கதையைச் சொல்லுங்கோ. தமிழில சொன்னால் போதும்" என்றார். முன் வாங்கில் இருந்த நான் எழும்பினேன்.

"ஒரு ஊரில ஒரு பாட்டி இருந்தா. பாட்டி வடை சுட்டா. ஒரு காகம் வந்துது. காகம் வடையைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தில இருந்துது."

நான் சொல்லச் சொல்ல, சொன்னபடியே கரும்பலகையில் எழுதிக்கொண்டு வந்தார். பிறகு திரும்பி, "தம்பி, முதல் 'ஒரு பாட்டி' எண்டாய். அடுத்த வரியில 'ஒரு' எங்க போட்டுது?" என்று கேட்டார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "அதுதான் ஏற்கெனவே சொல்லியாச்சே, சேர்" என்றேன்.

"அவ்வளவுதான். சொல்லியாச்சு, கேக்கிறவனுக்கும் எந்தப் பாட்டி எண்டு தெரியும். இப்ப நாங்கள் ஒண்டும் போடாமல் விடுறம். இங்கிலிஸ்காரன் அந்த வெறும் இடத்தில 'த' போடுவான்."

பலகையில் 'பாட்டி'க்கும் 'காக'த்துக்கும் முன்னால் சின்னதாக ஒரு பெட்டி கீறி, அதற்குள் 'த' எழுதினார். வகுப்பு சத்தமில்லாமல் இருந்தது. அதுவரை 'ஆட்டிக்கிள்' என்றால் வெள்ளைக்காரனின் வாயில் மட்டும் இருக்கும் ஏதோ ஒன்று என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அம்மம்மா சோறு ஊட்டும்போது சொன்ன கதைக்குள்ளேயே அது இருந்திருக்கிறது.

சேர் அதோடு விடவில்லை. 'வடை சுட்டா', 'வடையைத் தூக்கிக்கொண்டு போய்' என்ற இரண்டு இடங்களுக்கும் கீழே கோடு போட்டார். "இரண்டும் வடைதான். ஒண்டில 'ஐ' இல்லை, மற்றதில இருக்கு. ஏன்?" என்றார். இரண்டாம் வேற்றுமை உருபு ஐ என்று தமிழ்ப் பாடத்தில் எல்லோரும் படித்திருந்தோம். அது சில இடத்தில் வெளியே தெரியும், சில இடத்தில் மறைந்திருக்கும் என்றும் படித்திருந்தோம். எப்போது வெளியே வருகிறது, எப்போது மறைகிறது என்று எங்களில் ஒருவரும் யோசித்ததில்லை. பாட்டி சுடும்போது அது ஏதோ வடை. காகம் தூக்கும்போது அது எங்களுக்குத் தெரிந்த வடை, பாட்டி சுட்ட அதே வடை. அந்த 'ஐ' வரும் இடங்களில் பெரும்பாலும் இங்கிலிசில் 'த' வரும்.

"மாடு வாங்கினேன்" என்றால் நீங்கள் "அப்படியா, எவ்வளவுக்கு?" என்று கேட்பீர்கள். "மாட்டை வாங்கினேன்" என்றால், முன்பே கதைத்து வைத்த மாடு. இது சேர் தந்த உதாரணம். அடுத்ததற்கு வகுப்பே சிரித்தது. "வீட்டில அக்காவுக்கு மாப்பிள்ளை தேடினால் நல்ல காரியம். மாப்பிள்ளையைத் தேடினால்? தாலி கட்டுற நேரத்தில ஆளைக் காணேல்லை!" சிரிப்பு அடங்கியதும், "இதை மட்டும் பிடிச்சுக்கொண்டு ஓடாதேங்கோ" என்றும் சொல்லிவைத்தார். ஆட்களின் பெயர் வந்தால், 'என்னை', 'அவனை' என்று வந்தால் 'ஐ' எப்படியும் வரும். எழுவாயில் அது வரவே வராது. ஆகவே ஒவ்வொரு இடத்திலும் 'எந்த?' என்று கேட்டுப் பார்க்கச் சொன்னார். கேட்பவனுக்குப் பதில் தெரிந்திருந்தால் 'த'. தெரியாத ஒன்றே ஒன்று என்றால் 'ஏ' அல்லது 'ஆன்'. அதன் பிறகு அந்த வருடம் முழுக்க யார் 'த' போட்டாலும் சேரின் வாயிலிருந்து "எந்த?" வரும். மற்ற வகுப்புப் பெடியள் அவருக்கு அதையே பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள்.

'ஆன்' படிப்பித்ததும் தமிழை வைத்துத்தான். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் 'ஓர்' எழுதச் சொல்லித் தமிழ் ஆசிரியர் திருத்துவாரே, ஓர் ஊர், ஓர் இரவு, அதே வேலையைத்தான் 'ஆன்' செய்கிறது. இரண்டுமே 'ஒன்று' என்ற எண்ணிலிருந்து வந்தவைதான். பழைய ஆங்கிலத்தில் 'ஒன்று' என்பதற்கு இருந்த சொல் தேய்ந்து 'ஆன்' ஆகி, மெய்யொலிக்கு முன்னால் இன்னும் தேய்ந்து 'ஏ' ஆனது. வித்தியாசம் என்னவென்றால், தமிழில் எழுதுவதும் வாசிப்பதும் கிட்டத்தட்ட ஒன்று. இங்கிலிசில் கண்ணை நம்பினால் மோசம் போவோம், காதைத்தான் நம்பவேண்டும். 'ஹவர்' என்று எழுத்துக் கூட்டினாலும் வாய் 'அவர்' என்கிறது, ஆகவே 'ஆன்'. 'யுனிவர்சிற்றி' உயிரெழுத்தில் தொடங்கினாலும் காதில் விழுவது 'யு', ஆகவே 'ஏ'. இதற்கு அவர் எங்கள் சோதனைப் பெறுபேற்றையே எடுத்தார். அந்த நாளில் ஓ லெவலுக்கு டி, சி, எஸ், எஃப் என்று நான்கு தரம். "டி எடுத்தால் 'ஏ டி'. சி எடுத்தால் 'ஏ சி'. எஸ் எடுத்தால் 'ஆன் எஸ்'. மற்றதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனால் அதுக்கும் 'ஆன்'தான்." எஸ், எஃப் இரண்டும் 'எ' ஒலியில் தொடங்குவதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் காதால் கேட்டேன்.

நிலவில் கால் வைத்த ஆம்ஸ்ட்ராங்கின் வாசகத்தைப் பற்றிச் சொன்னதும் அவர்தான். 1969 இல் உலகம் கேட்ட அந்த வாசகத்தில் 'மேன்' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு 'ஏ' காதில் விழவில்லை. 'ஏ' இல்லாவிட்டால் 'மேன்' என்பது மனித குலம் முழுவதையும் குறிக்கும். அப்படியானால் மனிதகுலத்துக்குச் சிறிய அடி, மனிதகுலத்துக்குப் பெரிய பாய்ச்சல் என்றாகிவிடும். ஒரு மனிதனுக்குச் சிறிய அடி என்று சொல்லவே தான் நினைத்ததாக ஆம்ஸ்ட்ராங் பிறகு விளக்கவேண்டி வந்தது.

மற்ற விதிகளையும் படித்தோம். அறிவுரை, தகவல் போன்றவற்றுக்குத் தமிழில் 'ஒரு' போடலாம், இங்கிலிசில் 'ஏ' போடக்கூடாது. மாலைதீவுக்கு 'த' உண்டு, இலங்கைக்கு இல்லை. மாணவன் பள்ளிக்கூடம் போனால் 'த' இல்லை. பீஸ் கட்ட அப்பா போனால் உண்டு. மறியலில், அதாவது சிறையில், இருப்பவனுக்கு 'த' இல்லை. அவனைப் பார்க்கப் போன தாய்க்கு உண்டு. கனடாவுக்கு வந்த பிறகு, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளிக்கும் இங்கே 'த' போடுகிறார்கள் என்று கண்டேன். இங்கிலாந்தில் போடமாட்டார்கள். இதையெல்லாம் பழக்கத்தில் பிடித்துக்கொள்ளலாம். 'எந்த?' என்று கேட்கும் பழக்கம் மட்டும் எனக்கு அந்த வகுப்பில்தான் கிடைத்தது.

ரொறன்ரோவுக்கு வந்து சில வருடங்களில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்குப் போனேன். அகதி விசாரணைகள், குடும்ப வழக்குகள், ஆஸ்பத்திரிகள். தமிழில் ஒருவர் சொல்லும் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் 'ஏ'யா 'த'வா, அல்லது ஒன்றுமே இல்லையா என்று மொழிபெயர்ப்பவர் அந்தக் கணத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். "ஆமிக்காரன் வந்தான்" என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிடுவார். முன்பு சொன்ன அதே ஆமிக்காரனா, வேறு யாரோ ஒருவனா? தவறாகப் போட்டால், இரண்டு ஆட்கள் ஓர் ஆளாகிவிடுவார்கள், அல்லது ஓர் ஆள் இரண்டு பேராகிவிடுவான். பிறகு அவர் முன்னுக்குப் பின் முரணாகச் சொல்கிறார் என்று எழுதப்படும்.

ஒரு விசாரணையை நான் மறக்கவில்லை. ஆளையோ ஊரையோ சொல்லமாட்டேன். அவருடைய எழுத்து வாக்குமூலத்தை முன்பு வேறு யாரோ மொழிபெயர்த்திருந்தார்கள். ராத்திரி வீட்டுக்கு வந்தவர்கள் 'ஆள் தேடி' வந்தார்கள் என்பதுபோல, பொதுவாக, அதில் இருந்தது. விசாரணையில் அவர் தன் வாயால் சொன்னது இது: "ஆளைத் தேடித்தான் வந்தவங்கள்." நான் 'த மேன்' என்று சொன்னேன். உடனே கேள்வி வந்தது: எந்த ஆள்? வாக்குமூலத்தில் அப்படி இல்லையே?

அனுமதி கேட்டு, அவரிடம் திரும்பி, "எந்த ஆள், அண்ணை?" என்று கேட்டேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார். "என்னைத்தான் தம்பி. வேற ஆரை?"

'ஆள் தேடி வந்தார்கள்' என்றால் ஊரோடு சுற்றிவளைப்பு. 'ஆளைத் தேடி வந்தார்கள்' என்றால் குறிவைத்துத் தேடியது. அகதிக் கோரிக்கையில் இந்த இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பது இங்கே வாழும் நம்மில் பலருக்குத் தெரியும். தமிழில் அந்தத் தூரத்தைக் காட்டுவது ஒரே ஓர் உருபுதான் என்று மண்டபத்தில் இருந்தவர்களுக்கு விளக்கினேன். விளக்கும்போது என் மனதில் இருந்தது கரும்பலகையில் கோடு போட்ட வடைதான். அவருடைய வழக்கு பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியவரவில்லை.

பின்னாளில் ஒரு பயிற்சி வகுப்பில் ஓர் ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டேன். 1975 இல் அமெரிக்காவில் எலிசபெத் லொஃப்டஸ், கைடோ சானி என்ற இருவர் மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டுக் கேள்வி கேட்டார்கள். சிலரிடம் 'ஏ' போட்டு, உடைந்த லைட் பார்த்தீர்களா என்று. சிலரிடம் 'த' போட்டு, உடைந்த லைட்டைப் பார்த்தீர்களா என்று. படத்தில் உடைந்த லைட்டே இல்லாதபோதும், 'த' போட்டுக் கேட்கப்பட்டவர்களில் கூடுதலானோர் பார்த்ததாகச் சொன்னார்கள். 'த' என்றால் அது அங்கே இருந்தது என்று பொருள். கேள்வியே அதை வைத்துவிடுகிறது. அன்றிலிருந்து, அதிகாரி கேட்கும் கேள்வியை நான் தமிழுக்குக் கொண்டுவரும்போதும் அந்த 'ஐ'யைக் கவனித்தே போடுகிறேன்.

சேரிடம் இதையெல்லாம் சொல்லக் கிடைக்கவில்லை. நான் திரும்பி ஊருக்குப் போன நேரம் அவர் காலமாகி மூன்று வருடங்கள். வீட்டுப் படலையில் நின்று அவருடைய மகளோடு கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு வந்தேன்.

இப்போது சனிக்கிழமைகளில் இங்கே தமிழ் வகுப்பில் உதவுகிறேன். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சிக்கல் மறுபக்கத்தில். எல்லாவற்றுக்கும் 'ஒரு', எல்லாவற்றுக்கும் 'அந்த'. "அந்த சூரியன் வந்தது" என்று என் பேத்தி எழுதுகிறாள். அவளுக்கும் காகத்தின் கதையைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். "காகம் வடை தூக்கினது" என்றாள் போன கிழமை. "எந்த வடை?" என்றேன். "பாட்டி சுட்ட வடை, அப்பப்பா" என்றாள். "அப்ப?" கொஞ்சம் யோசித்து, "வடையை" என்றாள்.

சேர் அந்த இரண்டு கிழமை முடிவில் ரோணியோ அடித்த தாள் ஒன்றை எல்லோருக்கும் தந்தார். பாட்டி கதை முழுவதும் ஒரு பக்கம் தமிழில், மறுபக்கம் இங்கிலிசில், 'ஆட்டிக்கிள்' வரவேண்டிய இடமெல்லாம் வெறும் பெட்டி. என்னுடையது இடம்பெயர்ந்த நேரம் மற்றக் கொப்பிகளோடு போய்விட்டது. 82 ஆம் ஆண்டு ஓ லெவல் எடுத்த நம் வகுப்பில் யாரிடமாவது, எந்த நாட்டில் இருந்தாலும், அந்தத் தாள் பழைய பெட்டியில் கிடந்தால், படம் பிடித்து மலர்க் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். கதையின் கடைசிப் பகுதியில் நரி வரும் இடத்தில் அவர் எத்தனை பெட்டி போட்டிருந்தார் என்று எனக்கு இப்போது ஞாபகம் வரவில்லை.