11 ரூபாய் 75 சதம்

எங்கள் காலத்தில் பாடசாலை விடுதி மாணவர் ஞாயிறு மாலை ஆராதனைக்குக் கட்டாயம் போகவேண்டும். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பைகள் இரண்டையும் சிற்றாலயத்தின் பின்னறைக்குக் கொண்டுசென்று மேசையில் கவிழ்த்து, சதுரமான ஐந்து சதங்களையும் விளிம்பு நெளிந்த பத்துச் சதங்களையும் வேறுவேறாக அடுக்கி, எண்ணிக் கொப்பியில் பதிந்து, பொட்டலமாகக் கட்டி அலுமாரியில் வைத்துப் பூட்டுவது மாணவர் ஒருவருடைய பொறுப்பு. 1973ஆம் ஆண்டில் அந்தத் திறப்பு என்னிடம் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை அலுமாரியைத் திறந்தபோது பொட்டலத்தைக் காணவில்லை. கொப்பியில் என் கையெழுத்தில் 11 ரூபாய் 75 சதம் என்று இருந்தது. விடுதிக்குப் பொறுப்பாயிருந்த ஆசிரியர் என்னை அடிக்கவில்லை; அடித்திருந்தால் எளிதாக மறந்திருப்பேன். காலைப் பிரார்த்தனையில் எல்லோர் முன்னிலையிலும், இனி வேதபாடம் வாசிக்க நான் வரத் தேவையில்லை என்று மட்டும் சொன்னார். ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து, தச்சர் ஒருவர் அந்த அலுமாரியைத் திருத்தக் கழற்றியபோது, மேல் இழுப்பறைக்குப் பின்னால் விழுந்து கிடந்த பொட்டலம் அகப்பட்டது. திறப்பு மறுபடி என் மேசைக்கு வந்தது. ஆனால், காலைப் பிரார்த்தனையில் அதைப்பற்றி எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

1984இல் இலண்டன் வந்து, கணக்காளனாகத் தொழில் தொடங்கி, வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிப்பித்த காலம் முழுவதும் இந்தக் கதை என்னோடு வந்தது. சொல்லச் சொல்ல மெருகும் ஏறியது. பழைய மாணவர் எவரைக் கண்டாலும் தச்சர் இழுப்பறையைக் கழற்றிய இடத்துக்கு வந்து ஒரு கணம் நிறுத்துவேன். கல்யாணங்களையும் செத்தவீடுகளையும் தவிர ஒன்பது ஆண்டுகள் தேவாலயப் படி ஏறாமலிருந்ததற்கும் அதையே நியாயமாகச் சொல்லி வந்தேன். உண்மையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நித்திரைதான் பெரிய காரணம் என்பதை இப்போது சொல்லலாம்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போருக்கு அஞ்சி யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது, நாவற்குழிப் பாலத்தைக் கடந்த அந்தப் பெருங்கூட்டத்தில் என் தாயாரும் இருந்தார். கையில் எடுத்துச் சென்றவை வேதாகமமும் காணி உறுதியும் ஓர் உடுப்புப் பையும் மட்டுமே. பின்னர் கொழும்பில் ஓர் அறையில் இருந்துகொண்டு, ஊரில் போலவே விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஜெபித்தார். கேட்டாலன்றி அந்த இரவைப்பற்றிப் பேசமாட்டார். அப்படியிருந்தவரிடம் ஒருநாள் தொலைபேசியில், எதற்கோ தொடங்கி எப்படியோ என் காணிக்கைக் கதைக்கு வந்துவிட்டேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "தம்பி, அந்தப் பதினொரு ரூபாய் இன்னும் முடியேல்லையோ?" என்றார்.

அடுத்த ஞாயிறு தேவாலயம் போனேன். அம்மாவின் வார்த்தைதான் காரணம் என்று நேராகச் சொல்லிவிட முடியாது. வெட்கம் என்று சொல்லலாம். அங்கே வேதபாட வகுப்பில் அப்போஸ்தலன் பவுல் பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தின் மூன்றாம் அதிகாரம் எனக்கு வாசிக்க வந்தது. "பின்னானவைகளை மறந்து, முன்னானவைகளை நாடி" என்ற வார்த்தைகள் விடுதிச் சுவரிலேயே எழுதியிருந்தவை; பின்னானவை என்றால் பட்ட காயங்கள் என்றுதான் அதுவரை எடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால், அதிகாரத்தை மேலிருந்து வாசித்தால், சிறையில் கட்டுண்டிருந்த பவுல் அங்கே காயம் ஒன்றையும் சொல்லவில்லை. எட்டாம் நாளில் விருத்தசேதனம் பெற்றவன், பென்யமீன் கோத்திரத்தான், பரிசேயன் என்று தன் பெருமைகளையே அடுக்குகிறார். அந்த அடுக்கின் கடைசிச் சொல் "குற்றஞ்சாட்டப்படாதவன்". அந்தச் சொல்லில் என் குரல் தடக்கியது. முப்பது ஆண்டுகளாக நான் கேட்டுத் திரிந்த பட்டம் அது. பவுலோ அதைக் கையில் வைத்திருந்தும், இலாபப் பக்கத்திலிருந்து எடுத்து நட்டப் பக்கத்தில் பதிகிறார். கணக்குத் தெரிந்தவனுக்கு அது சின்ன மாற்றம் அல்ல, சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையே புரண்டுவிடும்.

இப்படிப் பெருமைகளை அடுக்குவதில் நம் பழைய மாணவர் சங்கக் கூட்டங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. 1816இல் அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணம் வந்தது, 1823இல் அவர்களின் உயர்கல்வி நிலையமான வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலை என்று நம் மண்ணின் கோத்திர வரலாற்றை ஒப்புவிக்கும் நாம், அதே செமினரியை 1855இல் மிஷனே மூடிவிட்டதை மெல்லத் தாண்டிவிடுவோம். அங்கே படித்தவர்களில் பலர் திருச்சபை ஊழியத்துக்கு அல்ல, அரசாங்க உத்தியோகத்துக்கே போனார்கள் என்பது மூடியதற்கான காரணங்களில் ஒன்று.

பின்னர் போதகர் ஒருவர் கிரேக்க மூலத்தைப்பற்றி இரண்டு விடயங்கள் சொன்னார். சபையைத் "துன்பப்படுத்தினவன்" என்று ஆறாம் வசனத்திலும், இலக்கை நோக்கித் "தொடருகிறேன்" என்று பதினாலாம் வசனத்திலும் வருபவை ஒரே வினைச்சொல்லாம். நம் "துரத்துதல்" போல ஒன்று. ஆள் மாறவில்லை, கால் மாறவில்லை, ஓடும் திசைதான் மாறியது. மற்றது, "மறந்து" என்பது அங்கே முடிந்துபோன செயல் அல்லவாம், மறந்துகொண்டே இருப்பது. எனக்கு இரண்டாவதுதான் அதிகம் உதவியது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதே தேவாலயத்தில், மழையோ பனியோ, காணிக்கை எண்ணி வருகிறேன். இருவர் எண்ணி இருவரும் கையெழுத்திடுவது ஒழுங்கு. ஆனாலும், உறையை இழுப்பறையில் வைத்துப் பூட்டும்போது அதன் பின்பக்கத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்க்காமல் எனக்கு வரமுடிவதில்லை.

சென்ற ஆண்டு சங்கத்தின் மதிய விருந்தில் வகுப்புத் தோழர் ஒருவர், "மச்சான், அந்தக் காணிக்கைக் கதையை இந்தப் பிள்ளையளுக்குச் சொல்லும்" என்றார். சொன்னேன். அலுமாரி வெறுமையாயிருந்ததையும், பிரார்த்தனையில் எல்லோரும் திரும்பிப் பார்த்ததையும் சொல்லி, தச்சர் வருவதற்கு முன் நிறுத்திக்கொண்டேன். ஒரு பெண்பிள்ளை என்னை உற்றுப் பார்த்து, "அப்ப நீங்களோ எடுத்தனீங்கள், அங்கிள்?" என்று கேட்டாள். சோற்றுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். அன்று முழுவதும், நாற்பது மைல் காரோட்டி வீடு வரும்வரையும், அந்தத் தச்சரை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.

இரண்டு கிழமைக்குள் சங்கத்தின் மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டார்கள். இதோ, தச்சரையும் சேர்த்து எழுதிவிட்டேன்.