கர்ஜத்தில் சுருங்கிய சிப்ஸ் பாக்கெட்டும் மனோரி கத்தாளை மீனும்

லோனாவலா தாண்டியதும் உத்யான் எக்ஸ்பிரஸ் ஊர ஆரம்பித்தது. மலை இறக்கம். பெட்டியில் எல்லோரும் பள்ளத்தாக்கைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் போனில் காற்றழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெங்களூரில் ஏறும்போது 910 மில்லிபார் சொச்சம். லோனாவலாவில் 940 பக்கம். கர்ஜத்தில் 1000 தாண்டிவிட்டது. காது இரண்டு தடவை அடைத்துத் திறந்தது. பெங்களூரில் வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த சிப்ஸ் பாக்கெட், ஏறும்போது தலையணை மாதிரி உப்பலாக இருந்தது. கர்ஜத்தில் வடாபாவ் வாங்கிவிட்டுப் பார்த்தால் கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்தது.

இந்தக் கிறுக்குக்குக் காரணம் மீன். தூண்டில் போடுகிறவர்களுக்கான ஒரு செயலியை ஏற்றியிருந்தேன். அழுத்தம் இறங்கினால் மீன் கடிக்கும், ஏறி நின்றால் கடிக்காது என்று மணிக்கு மணி பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டும். அது சொல்லும் காரணமும் கேட்க நன்றாகத்தான் இருந்தது: மீனின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை இருக்கிறது, வெளியே அழுத்தம் மாறினால் அதுவும் சிப்ஸ் பாக்கெட் போல உப்பும், சுருங்கும், மீனுக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிடும். இதை மாமாவிடம் நிரூபித்துக் காட்ட வேண்டும் என்றுதான் தீபாவளிக்கு மும்பை கிளம்பியதே. பலகாரம் இரண்டாம்பட்சம்.

மாமா தாராவிக்கு வந்து நாற்பது வருஷம். தோல் பட்டறை வேலை. பிறந்தது தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம் என்பதால், லீவு கிடைத்தால் தங்கூசி என்கிற தூண்டில் நரம்பும் ஈயக்கட்டியுமாகக் கிளம்பிவிடுவார். தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் என்னையும் எழுப்பிவிட்டார். மாஹிமில் லோக்கல் பிடித்து மலாட், அங்கிருந்து மார்வே, படகில் கழிமுகத்தைத் தாண்டினால் மனோரி. பைக்கோடு ஏறி நிற்கிறார்கள், கூடையோடு உட்காருகிறார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மும்பை முடிந்து கிராமம் ஆரம்பித்துவிட்டது. கரை நெடுக மூங்கில் கட்டி பொம்பில் மீனை வாயோடு வாய் கோத்துக் காயப்போட்டிருந்தார்கள். நாற்றம் என்று சொன்னால் மாமா கோபிப்பார், வாசம்.

எட்டரை மணிக்குக் கடல் எங்கேயோ கிடந்தது. இங்கே வரை வெறும் சேறு.

"அமாவாசை முடிஞ்சு ரெண்டாம் நாள்லா, இன்னைக்கி உதாண். நம்ம ஊர்ல ஏத்தமும் வத்தமும் முழங்கால் அளவு. இங்க ஒரு மாடி ஏறி இறங்கும், மாப்ள" என்றார். உதாண் என்பது இங்குள்ள கோலி மீனவர்களின் சொல், கடல் அதிகமாக ஏறி இறங்கும் நாள். ஏற்ற இறக்கம் குறைந்த நாளுக்கு பாங்க் என்பார்கள். கழி நட்டு நீரோட்டத்தில் விரித்துவைக்கும் டோல் வலைக்காரர்களுக்கு இந்தக் கணக்குதான் காலண்டர். பொம்பிலைக் கொண்டுவந்து வலைக்குள் தள்ளுவது அந்த நீவாடு, அதாவது நீரோட்டம்தான்.

பாறையில் உட்கார்ந்து இறாலைக் கோத்துப் போட்டோம். ஒன்பது, ஒன்பதரை, ஒன்றுமில்லை. செயலி சிவப்பு. பத்து மணிக்கு 1012 என்று நின்ற எண் மெதுவாக இறங்க ஆரம்பித்து மஞ்சளாகி, பதினொரு மணிக்குப் பச்சையும் வந்தது. அதே நேரம் தங்கூசி விரலில் சுண்டியது. கத்தாளை. இங்கே டோமா என்கிறார்கள். கையில் பிடித்தால் கொர் கொர் என்று உறுமியது, உள்ளங்கையில் போன் வைப்ரேட் ஆவது போல. அந்த உறுமலே காற்றுப்பையை ஒட்டிய தசையைத் துடிக்கவைத்து எழுப்புவதுதான். பன்னிரண்டரைக்குள் ஏழு கத்தாளை, ஒரு கெளுத்தி.

"பார்த்தீங்களா மாமா" என்று போனை நீட்டினேன். அவர் பார்க்கவில்லை. கெளுத்தியின் முள்ளை ஒடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணிக்குத் தண்ணீர் நாங்கள் உட்கார்ந்திருந்த பாறைக்குக் கீழே வந்து நின்றது. செயலியில் அழுத்தம் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது, அட்டகாசமான பச்சை. ஆனால் கடி இல்லை. ஒன்றரை, இரண்டு, அசைவே இல்லை. அத்தை கட்டிக்கொடுத்த புளியோதரையைத் தின்றுகொண்டே முந்தின நாட்களின் வரைபடத்தைத் திறந்தேன். முகத்தில் அசடு வழிந்தது. நேற்றும் பத்து மணிக்கு மேல் இறங்கியிருக்கிறது, முந்தாநாளும் அப்படியே. மாலை நாலு மணிக்கு அடி, பிறகு ஏறி ராத்திரி பத்துக்கு உச்சம், விடியற்காலை நாலுக்கு மறுபடி அடி. சூரியச் சூட்டால் காற்றுக்கும் தினம் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம் இருக்கிறது. நம்மைப் போன்ற வெப்பமண்டல ஊர்களில் சாதாரண நாளில் தெரிகிற பெரிய மாற்றமே இந்த மூன்று மில்லிபார்தான். குளிர் நாடுகளில் இரண்டே நாளில் இருபது, முப்பது இறங்கும். அந்தக் கணக்கை வைத்து எழுதிய செயலி, மும்பையில் தினமும் மத்தியானம் "மீன் கடிக்கும்" என்று ஜோசியம் சொல்லிக்கொண்டிருந்தது.

சரி, மூன்று மில்லிபார் என்றால் மீனுக்கு எவ்வளவு? பத்து மீட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 1000 மில்லிபார். அப்படியானால் மூன்று மில்லிபாருக்கு மூன்றே சென்டிமீட்டர். மீன் ஒன்றிரண்டு விரல்கடை கீழே இறங்கினால் கணக்குத் தீர்ந்தது. இங்கே காலையிலிருந்து கடல் நாலு மீட்டர் ஏறியிருக்கிறது. அடியில் படுத்திருக்கும் கத்தாளைக்குத் தலைமேல் 400 மில்லிபார் கூடியிருக்கும். நான் மலையிறங்கிக் காது அடைத்துக்கொண்டது அறுபது சொச்சத்துக்கு! இத்தனைக்கும் எதிரே காய்ந்துகொண்டிருந்த பொம்பிலுக்குக் காற்றுப்பையே கிடையாது.

அழுத்தத்தோடு சேர்ந்து வருகிற காற்று, மப்பு, வெளிச்சம், மழையில் ஓடிவரும் கலங்கல் இதெல்லாம் மீனை மாற்றும், அதை மறுக்கவில்லை. ஏரியில் இன்னும் நன்றாகத் தெரியும். காற்றில்லாத மப்பு நாளில் பாசி ஆக்ஸிஜனைக் குறைவாகத்தான் விடும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும், இரையைத் திரும்பியும் பார்க்காது. 2016 மார்ச்சில் பெங்களூரு அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கில் மீன் செத்து மிதந்ததும் ஆக்ஸிஜன் போய்த்தான். பீகிள் கப்பலில் டார்வினைக் கூட்டிப்போன கேப்டன் ஃபிட்ஸ்ராய், 1850களின் கடைசியில் பிரிட்டனின் மீன்பிடித் துறைகளில் அழுத்தமானிகளை வைக்க ஏற்பாடு செய்தார். மீன் கிடைக்க அல்ல, புயலில் ஆள் சாகாமல் இருக்க. இது முன்பே படித்ததுதான். அப்போது உறைக்கவில்லை.

இரண்டேகாலுக்கு வற்றம் இழுக்க ஆரம்பித்தது. மாமா இரையை மாற்றி நீவாட்டின் ஓரமாக வீசினார். பத்து நிமிடத்தில் இரண்டு கத்தாளை.

"ஏறும்போது உள்ள வரும், இறங்கும்போது வெளிய போவும். நின்னுட்டா அதுவும் நின்னுரும். இதுக்கு போன் எதுக்குலே?"

மூன்றரை இருக்கும், மூங்கில் பக்கம் பெண்கள் சத்தம் போட்டுக்கொண்டு பொம்பிலை உருவிக் கூடையில் போட ஆரம்பித்தார்கள். கடல் பக்கம் வானம் வெள்ளையாகத்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தேன், கிழக்கே மலைப்பக்கம் கத்தரிக்காய் நிறத்தில் திரண்டு நின்றது. மாமா தங்கூசியைச் சுற்றிவிட்டார். படகுத்துறைக்குப் போய்ச் சேர்வதற்குள் கரையிலிருந்து ஒரு குளிர்காற்று அறைந்தது. பழக்கதோஷத்தில் போனைப் பார்த்தேன். 1009-ல் இருந்தது சட்டென்று 1011.

"ஏறுது மாமா" என்றேன்.

"படகுல ஏறு மொதல்ல" என்று மீன் பையை என் தலையில் வைத்தார்.