பழைய பல்லைப் பார்த்திருக்க வேண்டும்

மோட்டார் சைக்கிளின் இடப்பக்க மூடியைக் கழற்றிப் பதினோரு நாட்களாகிவிட்டன. இன்ஜினின் சுழல்தண்டான கிராங்கில் இருந்த ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பற்சக்கரம்) தேய்ந்து பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்ததால் புதிதாக ஒன்று வாங்கினேன். இன்ஜினின் சுழற்சியைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் பிரைமரி செயினும் நீண்டுபோயிருந்தது, அதுவும் புதிது. கிளட்ச் பக்க ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் நன்றாகவே இருந்ததால் அதை விட்டுவைத்தேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு: செயின் இல்லாமல் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் முதலில் மாட்டி, இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று அளவுகோல் வைத்துப் பார்ப்பேன். செயின் ஏறிவிட்டால் அதன் தகடுகள் பற்களின் பக்கவாட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். அளவுகோலைப் படிய வைக்க முடியாது. ஆனால் இந்த இரட்டை வரிச் செயினில் பிரித்து மாட்டுவதற்கான இணைப்புக் கண்ணி கிடையாது. எனவே செயினோடு சேர்த்து மாட்டும்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் ஒரே நேரத்தில் அச்சுகளில் ஏற்ற வேண்டும். அதாவது, எல்லாவற்றையும் இருமுறை மாட்ட வேண்டும். இந்த வேலையில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது இதுதான்.

நேரான எஃகு அளவுகோலைக் கிளட்ச் ஸ்ப்ராக்கெட்டின் பற்களின் பக்கவாட்டில் படிய வைத்தேன். நடுவில் கிளட்ச் துருத்திக்கொண்டிருப்பதால் மேற்புறமாக வைக்க வேண்டியிருந்தது. முன்னால் கிராங்கில் இருந்த சிறிய ஸ்ப்ராக்கெட்டை அது தொடவில்லை. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளின் தொகுப்பான ஃபீலர் கேஜின் 0.4, 0.2 தகடுகள் இரண்டும் சேர்ந்து இறுக்கமாக நுழைந்தன. 0.6 மில்லிமீட்டர்!

முதலில் என் அளவையே சந்தேகித்தேன். நட்டைக் கையால்தான் திருகியிருந்தேன். பழைய செயின் துண்டு ஒன்றை ஸ்ப்ராக்கெட்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நட்டை முறையாக இறுக்கினேன். கிராங்கைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தேன், அசைவே தெரியவில்லை. கிளட்ச் தள்ளாடுகிறதோ என்று கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி நான்கு இடங்களில் அளந்தேன். நான்கிலும் ஏறக்குறைய அதே 0.6. தள்ளாட்டம் என்றால் எண் மாறியிருக்கும். பிறகு புதிய ஸ்ப்ராக்கெட்டைத் திட்டத் தொடங்கினேன். கடைக்காரர் வேறு வண்டியின் பொருளைத் தந்துவிட்டார் என்றுகூட முடிவுகட்டினேன்.

ஒப்பிடுவதற்காகப் பழைய ஸ்ப்ராக்கெட்டைத் தேடி எடுத்தேன். பற்கள் மிகவும் தேய்ந்திருந்தாலும் இரண்டு பக்கங்களிலும் ஒரே அளவு தேய்ந்திருந்தன. செயின் சாய்ந்து ஓடியிருந்தால் பற்களின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று உராய்ந்திருக்கும். செயினின் உட்தகடுகளிலும் அந்தத் தடம் தெரியும். இங்கே அப்படி எதுவும் இல்லை. அப்படியானால் நான் கை வைக்கும்வரை எல்லாம் நேராகத்தான் இருந்திருக்கிறது.

ஸ்ப்ராக்கெட்டைப் புரட்டினேன். பின்புறம் எண்ணெய்ப் பிசுக்கில் ஒரு மெல்லிய வளையம் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பியதும் பிரிந்து வந்தது. ஷிம், அதாவது இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு. மைக்ரோமீட்டரில் வைத்தால் 0.6. கழற்றும்போது இரண்டும் ஒரே துண்டுபோல் வந்துவிட்டன. நானும் துடைக்காமல் பெட்டியில் போட்டுவிட்டேன். கடைக்காரரிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஷிம்மைக் கழுவி மாட்டி இறுக்கியதும் அளவுகோல் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளிலும் படிந்தது, 0.05 தகடுகூட நுழையவில்லை. மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, செயினோடு சேர்த்து ஏற்றினேன். வண்டியை கியரில் போட்டு, பின் பிரேக்கை நண்பன் அழுத்திக்கொள்ள, குறித்த அளவு விசையில் இறுக்க உதவும் டார்க் ரென்ச்சால் நட்டுகளை இறுக்கினேன். பூட்டு வாஷர் புதிது. அதன் காதை நட்டின் தட்டையான பக்கத்தில் மடித்தேன். பழையதையே நிமிர்த்தி மறுபடி மடித்தால் ஒருநாள் முறிந்து செயினுக்குள் விழும்.

செயினின் தொய்வை ஓரிடத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. இன்ஜினைச் சிறிது சிறிதாகச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து, அங்கேதான் செயினின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷனரைச் சரிசெய்தேன். புதிய செயினிலும் அப்படியோர் இடம் இருந்தது.

மூடியை இன்னும் போடவில்லை. எண்ணெய் கசியாமல் தடுக்கும் கேஸ்கெட்டைக் கழற்றும்போதே கிழித்துவிட்டேன். புதியது நாளைதான் வரும்.