ஜூலை 29 என்றார்கள், பங்குனியில்தான் கப்பல் ஏறினேன்

இந்திய அமைதி காக்கும் படையில் 1988 கடைசியில் இலங்கைக்குப் போனேன். ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் ரேடியோ ஆபரேட்டர் வேலை. வட இந்திய பட்டாலியன் ஒன்றோடு என்னை இணைத்திருந்தார்கள். அந்தக் கம்பெனியில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ரேடியோ செட்டைச் சுமப்பதோடு, செக்போஸ்டில் சனங்கள் சொல்வதை சுபேதார் சாபுக்கு இந்தியில் சொல்வதும் என் வேலையானது. ஊருக்குத் திரும்ப எனக்கு அவ்வளவு நாளானதற்கும் அந்தத் தமிழ்தான் காரணம்.

1989 ஜூன் தொடக்கத்தில் இலங்கை ஜனாதிபதி பிரேமதாசா, ஜூலை 29-க்குள் இந்தியப் படை போய்விட வேண்டும் என்று அறிவித்தார். எங்கள் படை அங்கே போகக் காரணமான இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி அன்றோடு இரண்டு வருடம். செய்தி எங்கள் பங்கருக்கு வந்தது பிபிசி தமிழோசை வழியாக. இரவில் சின்ன டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துக் கேட்டுவிட்டு நான்தான் மற்றவர்களுக்குச் சொன்னேன். அன்று ஒருத்தரும் தூங்கவில்லை. நானும் உடனே இன்லேண்ட் லெட்டர் எடுத்து, ஆடியில் வந்துவிடுவேன் என்று என் அப்பாவுக்கு, நைனாவுக்கு, எழுதிப் போட்டேன்.

அப்படி எழுதியிருக்கக் கூடாது. ஜூலை 29 அன்று கொஞ்சம் பேரைத்தான் அனுப்பினார்கள். ஆடி போய் ஆவணி வந்தது. "மல்லாட்டை பிடுங்குறதுக்குள்ள வந்துடுவியா, ஆள் கூலி ஏறிப்போச்சு" என்று நைனா சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுப் பையன் எழுதிய கடிதம் வந்தது. மல்லாட்டை என்றால் எங்கள் பக்கம் நிலக்கடலை. செப்டம்பரில் இரண்டு அரசாங்கமும் பேசி, 20-ஆம் தேதியிலிருந்து விடுதலைப் புலிகள் மீதான தாக்குதல் நடவடிக்கை நிறுத்தம், டிசம்பர் 31-க்குள் படை முழுவதையும் திருப்பி அனுப்ப முயற்சி என்று முடிவானது. இந்தத் தடவை நான் ஊருக்குத் தேதி எதுவும் எழுதவில்லை. பொங்கலுக்கும் நான் அங்கேதான் இருந்தேன்.

காத்திருப்பது என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது இல்லை. சண்டை நின்ற பிறகும் விடியற்காலை துப்பாக்கியோடு தயாராக நிற்கும் ஸ்டாண்ட்-டூ உண்டு, வண்டிகள் போகுமுன் சாலையைச் சோதிக்கும் ரோடு ஓபனிங் உண்டு. கண்ணிவெடி இருக்கிறதா என்று சாலையோரம் பார்த்துக்கொண்டே நடக்கும்போது, முன்பு இல்லாத பயம் அந்த மாதங்களில்தான் வந்தது. போர் நடந்தபோது, நடப்பது நடக்கட்டும் என்று இருந்தவன், ஊருக்குப் போகலாம் என்று தெரிந்த பிறகு ஒவ்வொரு அடியையும் எண்ணி வைத்தேன். கிட்டத்தட்ட 1,200 பேரை அந்த மண்ணில் இழந்தோம். என்னோடு மாறி மாறி செட்டுக்கு உட்கார்ந்த லான்ஸ் நாயக் அதில் ஒருவன். அவனுடைய பெட்டியைச் சரிபார்த்துப் பட்டியல் போட்டபோது, மனைவிக்கு வாங்கி வைத்திருந்த இரண்டு சோப்பு காகிதம் பிரிக்காமல் இருந்தது. அதையும் பட்டியலில் எழுதினோம்.

ஜனவரியில் எங்களைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு ஊராகக் காலி செய்து கடைசியில் மிஞ்சியவர்கள் அந்தத் துறைமுகத்துக்குத்தான் வந்து சேர்ந்தோம். அப்புறம் எண்ணுகிற வேலை. தோட்டா, மேகசின், மண்வெட்டி, கொசுவலை என்று கையெழுத்துப் போட்டு வாங்கியது எல்லாம் லெட்ஜரில் ஒத்துப்போக வேண்டும். என் பெயரில் இருந்த ஹெட்செட் ஒன்றைக் காணவில்லை. முழு நாள் தேடினேன். கடைசியில் மணல் மூட்டையைப் பிரித்தபோது இரண்டு மூட்டைக்கு நடுவே கிடைத்தது. துருவேறி, எறும்பு கூடு கட்டியிருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே அழுதேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை.

போகிறவர்கள் பட்டியல் ஒட்டினார்கள். ராணுவத்தில் பெயரைவிட எண் முக்கியம், அதனால் கடைசி மூன்று எண்ணைத்தான் எல்லோரும் தேடுவோம். முதல் பட்டியலில் என் எண் இருந்தது. மறுநாள் காலை அதை மையால் அடித்திருந்தார்கள். தமிழ் தெரிந்தவன் கடைசிவரை வேண்டுமாம், கடைசியாகக் கிளம்பும் ரியர் பார்ட்டியில் போட்டுவிட்டார்கள். கப்பலுக்குப் போகும் லாரிகளுக்குக் கைகாட்டிவிட்டுத் திரும்பி வந்து செக்போஸ்டில் நின்றேன்.

செக்போஸ்டுக்கு எதிரே ஒரு அம்மாவின் பெட்டிக்கடை. வெற்றிலை, சோடா, வாழைப்பழம். முதல் மாதம் என்னோடு பேசவே மாட்டார். காசைக் கையில் வாங்காமல் பலகையில் வைக்கச் சொல்வார். எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் படை வந்த பிறகு அந்தச் சனங்கள் பட்டது என்ன என்பதை நான் மொழிபெயர்த்திருக்கிறேன். பிள்ளையைத் தேடி வந்த தாய்களின் வார்த்தை என் வாய் வழியாகத்தான் இந்தியாகப் போனது. பதிலும் என் வாய் வழியாகத்தான் வந்தது, பெரும்பாலும் "தெரியாது" என்று. அதை மறைத்து எழுத எனக்கு மனம் இல்லை.

பிப்ரவரியில் ஒருநாள் அந்த அம்மாவே கேட்டார், "தம்பி, எப்ப வெளிக்கிடுறியள்?"

"தெரியலைம்மா."

"போங்கோ. போய்ச் சேருங்கோ. அம்மா பாத்துக்கொண்டு இருப்பா."

போகச் சொல்கிறாரா, வாழ்த்துகிறாரா என்று நெடுநேரம் யோசித்தேன். இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன். அன்றிலிருந்து காசைக் கையில் வாங்கினார். நைனாவுக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன்.

மார்ச் மூன்றாவது வாரம் என் எண் மறுபடி பட்டியலில் வந்தது, இந்தத் தடவை யாரும் அடிக்கவில்லை. கப்பல் நகர்ந்தபோது கோணேசர் கோயில் பாறை தெரிந்தது. இருட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிப் பேருக்கு வாந்தி. மறுநாள் மெட்ராஸ் துறைமுகத்தில் பேண்டு வாசித்தார்கள். ராணுவம் கொடுத்த ரயில் வாரண்டைக் காட்டி ரயிலில் காட்பாடி, அங்கிருந்து ஆரணிக்கு பஸ். யூனிஃபார்மைப் பார்த்துப் பக்கத்து சீட்டுப் பெரியவர், "அங்க நம்ம சனத்தையே ஏம்பா சுட்டீங்க?" என்றார். இறங்கும்வரை என்னால் வாய் திறக்க முடியவில்லை. அந்தக் கேள்வியை ஊரில் பிறகும் பலர் கேட்டார்கள். ஒரே வரியில் சொல்ல என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை.

நைனா கொல்லையில் மல்லாட்டைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியை மடையிலேயே போட்டுவிட்டு வந்தார். தண்ணீர் உடைத்துக்கொண்டு பக்கத்துக் கொல்லைக்குப் போனது, அவர் கவனிக்கவே இல்லை.

மார்ச் 24 அன்று கடைசிக் கப்பலும் திருகோணமலையை விட்டுக் கிளம்பியது. லீவு முடிந்து யூனிட்டுக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். ஜூன் இரண்டாம் வாரம். இலங்கையின் கிழக்கில் மறுபடி சண்டை என்று ரேடியோ சொன்னது. திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நைனா என் பக்கம் திரும்பி, "அந்தக் கடைக்கார அம்மா எப்படிடா இருப்பாங்க? ஒரு கடுதாசி போடேன்" என்றார்.

அந்த அம்மாவின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை.